புதுவையில் அணைந்த விளக்கு
அரவிந்தரின் வாழ்க்கையும், அவருக்கு வந்த சிறுநீரக நோயும்

1950-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ந் தேதி. நள்ளிரவு கடந்து மணி 1.26.

புதுச்சேரி தூங்கிக் கொண்டிருந்தது. கடற்கரைக்கு அருகே ஒரு பெரிய வீட்டின் மாடியில் மட்டும் சிலர் கண் விழித்து இருந்தார்கள்.

கட்டிலில் வெண்தாடியுடன் ஒரு பெரியவர் படுத்து இருந்தார். அருகில் டாக்டர்கள். அவர்களில் ஒருவர் எடின்பரோவில் படித்துப் பட்டம் பெற்றவர். இன்னொருவர் கல்கத்தாவில் பெயர் பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர். தந்தி கொடுத்து வரவழைக்கப்பட்டவர்.

எல்லோரும் பார்த்துக் கொண்டிருக்கும்போதே பெரியவரின் மூச்சு அடங்கியது.

அவர்தான் அரவிந்தர். அப்போது அவருக்கு வயது 78.

வெள்ளைக்கார சர்க்காரை நடுங்க வைத்தவர் அவர். பிறகு யோகியாக மாறி, உலகம் எங்கும் இருந்து மக்களைப் புதுவைக்கு இழுத்தவர். அவரைக் கொண்டு போன நோய் என்ன தெரியுமா? இன்று நம் தெருவில் எத்தனையோ வீடுகளை எட்டிப் பார்க்கும் நோய்தான். சிறுநீரகம் வேலை செய்யாமல் போய், இரத்தத்தில் கழிவு தேங்கும் நோய். டாக்டர்கள் அதை யூரிமியா என்பார்கள்.

அந்த நோய் எப்படி வருகிறது? அன்று அதற்கு ஏன் வழி இல்லை? இன்று என்ன வழி இருக்கிறது? அரவிந்தரின் வாழ்க்கையோடு சேர்த்தே பார்ப்போம்.

டாக்டரின் மகன்

அரவிந்தர் 1872-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிருஷ்ணதன் கோஷ். அவர் ஒரு டாக்டர். சீமைக்குப் போய்ப் படித்து வந்தவர். தன் பிள்ளைகள் முழுக்க முழுக்க வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் போலவே வளர வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அதனால் அரவிந்தரை 7 வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பி விட்டார். இரண்டு அண்ணன்மாரும் கூடப் போனார்கள். மான்செஸ்டரிலும் லண்டனிலும் படிப்பு. பிறகு கேம்பிரிட்ஜ் கல்லூரி.

மகன் ஐ.சி.எஸ். அதிகாரி ஆகவேண்டும் என்பது தந்தையின் கனவு. அரவிந்தர் எழுத்துப் பரீட்சையில் நன்றாகத் தேறினார். ஆனால் கடைசியில் குதிரை ஏற்றப் பரீட்சை ஒன்று இருந்தது. அதற்கு அவர் போகவே இல்லை. வெள்ளைக்காரனிடம் சேவகம் செய்ய அவருக்கு விருப்பம் இல்லை. ஐ.சி.எஸ். பதவி கை நழுவிப் போயிற்று.

மகன் ஊர் திரும்புகிறான் என்று தந்தை ஆவலோடு காத்திருந்தார். அப்போது ஒரு செய்தி வந்தது. மகன் ஏறிய கப்பல் போர்ச்சுகல் நாட்டுக்கு அருகே மூழ்கி விட்டது என்றார்கள். அந்த அதிர்ச்சியிலேயே தந்தையின் உயிர் பிரிந்தது.

உண்மையில் அரவிந்தர் அந்தக் கப்பலில் ஏறவில்லை. வேறு கப்பலில் வந்து கொண்டிருந்தார். 1893-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பம்பாயில் இறங்கினார். 14 ஆண்டுகளுக்குப் பிறகு தாய்நாட்டில் கால் வைத்த மகனை வரவேற்கத் தந்தை உயிரோடு இல்லை.

குண்டு வழக்கு

அரவிந்தர் பரோடா மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 1901-ம் ஆண்டு மிருணாளினி தேவியை மணந்தார்.

1905-ல் வெள்ளைக்கார சர்க்கார் வங்காளத்தை இரண்டு துண்டாகப் பிரித்தது. நாடு கொதித்தது. அரவிந்தர் பரோடா வேலையை உதறிவிட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். கிடைத்த சம்பளம் குறைவு. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. வந்தே மாதரம் பத்திரிகையில் அவர் எழுதிய எழுத்து இளைஞர்களைத் தட்டி எழுப்பியது.

1908-ம் ஆண்டு முசபர்பூரில் ஒரு வண்டி மீது குண்டு வீசப்பட்டது. வெள்ளைக்காரப் பெண்கள் இருவர் பலியானார்கள். அதைத் தொடர்ந்து போலீசார் பலரைப் பிடித்தார்கள். அரவிந்தரும் கைது செய்யப்பட்டார். அலிப்பூர் ஜெயிலில் ஓர் ஆண்டு இருந்தார்.

அவருக்காக வாதாடியவர் வக்கீல் சித்தரஞ்சன் தாஸ். நீதிபதி பீச்கிராப்ட் என்ற வெள்ளைக்காரர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நீதிபதியும் அரவிந்தரும் ஒரே காலத்தில் ஐ.சி.எஸ். பரீட்சை எழுதியவர்கள். கிரேக்க மொழியில் அரவிந்தருக்கு முதல் இடம், பீச்கிராப்டுக்கு அடுத்த இடம்!

1909-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி அரவிந்தர் விடுதலை ஆனார். ஜெயிலில் இருந்து வெளியே வந்தவர் பழைய அரவிந்தர் அல்ல. அவர் மனம் யோகத்தின் பக்கம் திரும்பி இருந்தது.

புதுவைக்கு வந்த கப்பல்

போலீசார் மறுபடியும் அவரைத் தேடினார்கள். அரவிந்தர் முதலில் சந்திரநாகூர் போனார். பிறகு வேறு பெயரில் டூப்ளே என்ற கப்பலில் ஏறினார். 1910-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி அந்தக் கப்பல் புதுச்சேரிக்கு வந்தது.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. வெள்ளைக்காரப் போலீசு அங்கே கை வைக்க முடியாது. அதனால்தான் பாரதியார் 1908-ம் ஆண்டிலேயே அங்கு வந்து குடியேறி இருந்தார். வ.வே.சு. ஐயரும் 1910-ல் வந்து சேர்ந்தார்.

அரவிந்தர் முதலில் தங்கியது கலவை சங்கரன் செட்டியார் வீட்டில். மாடியில் சுமார் ஆறு மாதம் இருந்தார். வெளியே தலை காட்டவில்லை. மாலை நேரங்களில் பாரதியாரும் நண்பர்களும் வருவார்கள். வேதம், கவிதை, நாட்டு நடப்பு என்று பேச்சு நீளும். பாரதியாரின் துணையோடு அரவிந்தர் தமிழ் நூல்களையும் படித்தார். ஆண்டாள், நம்மாழ்வார் பாடல்களில் சிலவற்றை ஆங்கிலத்தில் ஆக்கினார்.

அவை வறுமையான நாட்கள். அவரும் அவரோடு இருந்த இளைஞர்களும் கையில் காசு இல்லாமல் கஷ்டப்பட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு துவாலை இருந்த காலமும் உண்டு.

கல்கத்தாவில் இருந்த மிருணாளினி தேவி 1918-ம் ஆண்டு இன்புளூயன்சா காய்ச்சலில் காலமானார். கணவரோடு வாழப் புதுவை வரும் வாய்ப்பு அந்த அம்மையாருக்குக் கிடைக்கவே இல்லை.

1914-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் இருந்து மீரா என்ற பெண்மணி வந்து அரவிந்தரைப் பார்த்தார். 1920-ல் திரும்பி வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். அன்னை என்று எல்லோரும் அழைப்பது இவரைத்தான். 1926-ம் ஆண்டு ஆசிரமப் பொறுப்பை அன்னையிடம் ஒப்படைத்துவிட்டு அரவிந்தர் தன் அறைக்குள் ஒதுங்கினார். ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் மக்களுக்குத் தரிசனம் தந்தார். அந்த அறையில் இருந்தபடியே இரவு முழுவதும் கடிதங்கள் எழுதினார். மற்ற நேரங்களில் மணிக்கணக்காக அறைக்குள்ளேயே நடந்தார்.

புலித்தோல் தடுக்கியது

1938-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி. மறுநாள் விடிந்தால் தரிசனம் என்று வெளியூர் மக்கள் முந்தைய நாளே வந்து குவிந்து இருந்தார்கள். விடியற்காலையில் இருட்டில் நடந்த அரவிந்தரின் கால் தரையில் கிடந்த புலித்தோலில் தடுக்கியது. விழுந்தார். வலது தொடை எலும்பு முறிந்தது.

அன்றைய தரிசனம் நின்றது. பல வாரம் படுக்கை.

அதுவரை தனியாகவே இருந்தவருக்கு அன்று முதல் பணிவிடைக்கு ஆள் தேவைப்பட்டது. அப்படி வந்தவர்களில் ஒருவர் நிரோத்பரன். எடின்பரோவில் டாக்டர் படிப்பு முடித்தவர். ஆசிரமத்தில் சேர்ந்து சீடரானவர். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளும் அரவிந்தரின் பக்கத்திலேயே இருந்தார். பார்வை மங்கிய பிறகு அரவிந்தர் சொல்லச் சொல்ல, சாவித்திரி என்ற பெரும் காவியத்தை எழுதிக் கொடுத்தவரும் இவரே.

அரவிந்தர் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்து போவதைக் கண்டவர்களில் இவரும் ஒருவர். டாக்டர் அல்லவா? அவருக்குச் சந்தேகம் வந்தது. சிறுநீரைச் சோதித்தார்கள். முதலில் சர்க்கரை தெரிந்தது. சாப்பாட்டைக் குறைத்ததும் அது போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது, தொல்லைக்குக் காரணம் வேறு என்று. புரோஸ்டேட் சுரப்பி வீங்கி இருந்தது.

அது என்ன சுரப்பி?

ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிறு சுரப்பி அது. மூத்திரப் பையின் வாயை ஒட்டி, சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு மோதிரம் போல இருக்கும். ஐம்பது வயதுக்கு மேல் பலருக்கு இது பருக்கத் தொடங்கும். பருத்தால் நடுவில் உள்ள குழாயை நெருக்கும்.

அப்போது என்ன ஆகும்? சிறுநீர் வேகமாகப் போகாது. சொட்டுச் சொட்டாகப் போகும். முக்க வேண்டி இருக்கும். போய் வந்த பிறகும் பை காலியானது போல் இருக்காது. இரவில் மூன்று தடவை, நான்கு தடவை எழுந்திருக்க வேண்டும்.

நம் வீட்டுத் தாத்தாவுக்கு இப்படி இருந்தால் நாம் என்ன சொல்கிறோம்? வயதானால் அப்படித்தான் என்கிறோம். தாத்தாவும் வெட்கப்பட்டு வாய் திறப்பது இல்லை. அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

சிறுநீரகம் செய்யும் வேலை

ஆட்டுக்கறிக் கடையில் குண்டிக்காய் பார்த்து இருப்பீர்கள். அதே உறுப்பு மனிதனுக்கும் உண்டு. அதுதான் சிறுநீரகம். முதுகின் பின்புறம், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அவரை விதை போன்ற வடிவம். மூடிய கை அளவு.

ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்தில் இருந்து வடிகட்டுகின்றன. அதில் வேண்டியதை எல்லாம் உடம்புக்கே திருப்பிக் கொடுத்து விடுகின்றன. வேண்டாத கழிவோடு ஒன்றரை லிட்டர் அளவு மட்டும் சிறுநீராக வெளியே போகிறது.

சிறுநீரகத்தின் வேலை அதோடு முடியவில்லை. உடம்பில் உப்பு எவ்வளவு இருக்கவேண்டும், இரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதையும் அது கவனிக்கிறது. புது இரத்தம் ஊறவும் அதன் உதவி வேண்டும்.

இப்போது வீட்டுச் சாக்கடையை நினைத்துப் பாருங்கள். தெருவில் அடைத்துக் கொண்டால் தண்ணீர் எங்கே போகும்? எதிர்த்துக் கொண்டு முற்றத்துக்கே வரும். அதுபோலத்தான் இதுவும். கீழே வழி அடைபட்டால் மூத்திரப் பை நிறைகிறது. அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. தேங்கிய நீரில் கிருமி பிடிக்கிறது. காய்ச்சல் வருகிறது. வடிகட்டும் வேலை குறைந்து கொண்டே போய், ஒரு நாள் நின்று விடுகிறது.

வெளியே போக வேண்டிய கழிவு இரத்தத்திலேயே தங்குகிறது. அது உடம்பு முழுவதும் சுற்றுகிறது. குமட்டல், மூச்சு வாங்குதல், மயக்கம், கடைசியில் நினைவு தப்புதல். இதுவே யூரிமியா.

கடைசி நாட்கள்

அரவிந்தருக்கு அந்தத் தொல்லை சில காலம் தணிந்து இருந்தது. 1950-ம் ஆண்டின் கடைசியில் மறுபடி தலை தூக்கியது.

அந்த நாட்களில் நிரோத்பரன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். எப்போதும் எதற்கும் அவசரப்படாத அரவிந்தர், சாவித்திரி காவியத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று விரைவு காட்டினார்.

நவம்பர் 24-ந் தேதி தரிசன நாள். உடம்பு சரியில்லாத நிலையிலும் அரவிந்தர் வந்து அமர்ந்தார். மக்கள் வரிசையாக வந்து வணங்கிப் போனார்கள். அதுவே கடைசித் தரிசனம் என்று அவர்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு நோய் முற்றியது. கல்கத்தா நிபுணர் டாக்டர் பிரபாத் சன்யாலுக்குத் தந்தி பறந்தது. அவர் 30-ந் தேதி வந்து சேர்ந்தார். சிறுநீர் வெளியேற ரப்பர் குழாய் வைக்கப்பட்டது. சிறுநீரகத்தில் கிருமி தொற்றி இருந்தது. ஒரு நாள் கொஞ்சம் தேறினார். அன்பர்கள் முகத்தில் நம்பிக்கை தெரிந்தது. ஆனால் காய்ச்சல் திரும்பியது.

டிசம்பர் 4-ந் தேதி எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிழைத்து விடுவார் என்று நினைத்தார்கள். சிறிது நேரத்தில் மூச்சுத் திணறல் கண்டது. சிறுநீரகங்கள் கைவிட்டு விட்டன என்பது டாக்டர்களுக்குப் புரிந்தது.

அறுவை சிகிச்சை வேண்டாம், பெரிய மருந்துகளால் உடம்பை வாட்டவும் வேண்டாம் என்பது அங்கே எடுத்த முடிவு. அரவிந்தர் இடையிடையே கண் விழித்தார். குடிக்கக் கேட்டார். யூரிமியா மயக்கத்தில் இருப்பவர் இப்படி விழிப்பது டாக்டர்களுக்கே வியப்பாக இருந்தது. அன்று நள்ளிரவு தாண்டி அவர் உயிர் பிரிந்தது.

செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான மக்கள் வந்து கடைசியாக முகம் பார்த்தார்கள். 9-ந் தேதி மாலை ஆசிரமத்து முற்றத்தில், மஞ்சள் பூ உதிர்க்கும் பெரிய மரத்தின் நிழலில் அவரை அடக்கம் செய்தார்கள்.

இந்தியா சுதந்திரம் அடைந்த 1947 ஆகஸ்டு 15-ந் தேதி அரவிந்தருக்கு 75-வது பிறந்த நாள். ஆனால் அவர் கண் மூடியபோது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. அது இறங்கியது 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி.

மரத்தால் செய்த மிஷின்

அரவிந்தருக்கு உலகத்தில் எந்தப் பெரிய நகரத்தில் வைத்தியம் பார்த்து இருந்தாலும், நின்று போன சிறுநீரகத்துக்குப் பதிலாக வேலை செய்யும் கருவி அன்று ஒரு சில ஆஸ்பத்திரிகளில்தான் இருந்தது. இந்தியாவில் எங்கும் இல்லை.

அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் வில்லெம் கோல்ப். ஹாலந்து நாட்டு டாக்டர். ஓர் இளைஞன் சிறுநீரகம் கெட்டுக் கண் முன்னே சாவதைப் பார்த்தார். அது அவர் மனத்தை உறுத்தியது.

அது இரண்டாவது உலகப் போர்க் காலம். ஹாலந்து ஜெர்மானியர் பிடியில் இருந்தது. எந்தச் சாமானும் கிடைக்கவில்லை. கோல்ப் கிடைத்ததை வைத்து வேலை செய்தார். மரச் சட்டத்தால் ஓர் உருளை. அதன் மேல் செலோபன் குழாய் சுற்றினார். அது கறிக்கடைக்காரர் இறைச்சி அடைக்கும் மெல்லிய குழாய். அதற்குள் நோயாளியின் இரத்தம் ஓடும். உருளை உப்புநீர்த் தொட்டியில் சுழலும். இரத்தத்தில் உள்ள கழிவு மெல்லிய குழாய் வழியே நீரில் கசிந்து விடும். இரத்தம் உடம்புக்குத் திரும்பும். இதுதான் டயாலிசிஸ்.

1943-ல் தொடங்கினார். முதல் நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோரும் இறந்து போனார்கள். கோல்ப் மனம் தளரவில்லை. 1945-ம் ஆண்டு 17-வது நோயாளியாக 67 வயது அம்மையார் ஒருவர் வந்தார். நினைவு இழந்து கிடந்தார். மிஷினில் இணைத்தார்கள். சில மணி நேரத்தில் கண் விழித்துப் பேசினார்! பிழைத்து வீட்டுக்குப் போனார்.

ஆனால் அன்றைய மிஷின் சில நாட்களுக்குத்தான் உதவும். ஒவ்வொரு தடவையும் புதிதாக இரத்தக் குழாயை வெட்ட வேண்டி இருந்தது. 1960-ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து டாக்டர் ஸ்கிரிப்னர் அதற்கு வழி கண்டார். கையில் நிரந்தரமாக ஒரு குழாய் இணைப்பு வைத்தார். அதன் பிறகுதான் சிறுநீரகம் முற்றிலும் கெட்டவர்களும் ஆண்டுக் கணக்கில் வாழ முடிந்தது. அரவிந்தர் மறைந்து அப்போது பத்து ஆண்டு ஆகி இருந்தது.

நம் நாட்டுக்கு வந்தது

1960-களின் தொடக்கத்தில் டயாலிசிஸ் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்தது. 1971-ம் ஆண்டு அதே ஆஸ்பத்திரியில் உயிரோடு இருப்பவரின் சிறுநீரகத்தை எடுத்து நோயாளிக்குப் பொருத்தும் சிகிச்சை வெற்றி பெற்றது. உலகத்தில் இந்த வெற்றி முதலில் கிடைத்தது 1954-ம் ஆண்டு, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில். இரட்டைப் பிறவிகளான சகோதரர் இருவரில் ஒருவர் மற்றவருக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தார்.

தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணனை நினைவு இருக்கிறதா? 1975-ல் காவலில் இருந்தபோது அவர் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் மிஷின் துணையோடு அதன் பிறகு நான்கு ஆண்டு வாழ்ந்தார். அந்த நான்கு ஆண்டுகளில்தான் ஜனதா கட்சியை உருவாக்கி, 1977-ல் ஆட்சி மாற்றத்தையும் பார்த்தார். 1979-ல் காலமானார்.

எம்.ஜி.ஆர். கதை உங்களுக்குத் தெரியும். 1984-ம் ஆண்டு அவர் சிறுநீரகம் செயல் இழந்தது. அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அண்ணன் மகள் தன் சிறுநீரகம் ஒன்றைத் தானமாகத் தந்தார். எம்.ஜி.ஆர். ஊர் திரும்பி மறுபடியும் முதல்-அமைச்சர் ஆனார். 1987 டிசம்பர் வரை வாழ்ந்தார்.

ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்த பிறகும் மீதி உள்ள ஒன்றோடு நலமாக வாழ முடியும். அதனால்தான் உறவினர் தர முடிகிறது. ஆனால் விலைக்கு வாங்குவதும் விற்பதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மூளைச்சாவு அடைந்தவர்களிடம் இருந்தும் சிறுநீரகம் பெறலாம். 2008-ம் ஆண்டு திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதியின் மகன் விபத்தில் சிக்கினான். மூளைச்சாவு என்று தெரிந்ததும், பெற்றோர் நெஞ்சைக் கல்லாக்கிக் கொண்டு மகனின் உறுப்புகளைத் தானமாகத் தந்தார்கள். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பெருகுவதற்கு அது பெரிய தூண்டுதல் ஆயிற்று.

புதுவையிலும் நிலை மாறி விட்டது. பிரெஞ்சுக்காரர் 1823-ல் தொடங்கிய வைத்தியப் பள்ளிதான் வளர்ந்து, 1964-ல் கோரிமேட்டில் ஜிப்மர் ஆனது. இன்று அங்கே டயாலிசிஸ் நடக்கிறது. மாற்றுச் சிறுநீரகமும் பொருத்துகிறார்கள். ஏழை நோயாளிகளுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாக டயாலிசிஸ் செய்ய 2016-ம் ஆண்டு முதல் மத்திய அரசின் திட்டமும் இருக்கிறது.

மிஷின் வரை போக வேண்டுமா?

டயாலிசிஸ் உயிர் காக்கும். ஆனால் அது லேசான வாழ்க்கை அல்ல. பெரும்பாலும் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் சுமார் நான்கு மணி நேரம் மிஷினோடு இருக்க வேண்டும். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். இளநீரும் சில பழங்களும் கூடாது. கூலி வேலைக்குப் போகிறவர் மூன்று நாள் சம்பளத்தை இழக்கிறார். கூட வருகிறவரும் இழக்கிறார்.

ஆகவே வருமுன் காப்பதே நல்லது. அரவிந்தருக்கு வந்தது போன்ற அடைப்பை இன்று எளிதாகக் கண்டுபிடிக்கலாம். வயிற்றில் ஸ்கேன் பார்த்தால் போதும். தொடக்கத்தில் மாத்திரையே குணம் தரும். தேவைப்பட்டால் வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியை விட்டு அடைப்பை நீக்குகிறார்கள். அடைப்பை உரிய காலத்தில் நீக்கினால், பாதிக்கப்பட்ட சிறுநீரகமும் பெரும்பாலும் தேறி வரும். சிறுநீர் அடியோடு நின்று அடிவயிறு உப்பி வலித்தால் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

சிறுநீரகத்தைக் கெடுப்பது அடைப்பு மட்டும் அல்ல. இன்று முதல் எதிரி சர்க்கரை நோய். இரண்டாவது இரத்தக் கொதிப்பு. இரண்டும் சத்தம் போடாமல் வடிகட்டிகளை அரிக்கும். கல் அடைப்பும் காரணம் ஆகும். வலி மாத்திரையைக் கடையில் வாங்கித் தினமும் விழுங்குவதும், என்ன சேர்ந்தது என்று தெரியாத பொடிகளைச் சாப்பிடுவதும் கூடக் காரணம் ஆகும்.

பாம்புக் கடியாலும், கடும் வயிற்றுப்போக்காலும் சிறுநீரகம் திடீரென்று நிற்பது உண்டு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் அது திரும்ப வேலை செய்யத் தொடங்கும். மெல்ல மெல்லக் கெட்டது அப்படித் திரும்பாது. ஆனால் மேலும் கெடாமல் நிறுத்தி வைக்கலாம்.

காலையில் முகம் வீங்குகிறதா? மாலையில் கால் வீங்குகிறதா? சிறுநீர் நுரைக்கிறதா? அளவு குறைகிறதா? பசி போய்க் குமட்டுகிறதா? தள்ளிப் போடாதீர்கள். சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின். இந்த இரண்டு சோதனையும் போதும், நிலைமை தெரிந்துவிடும். அறிகுறி இல்லாவிட்டாலும் சர்க்கரையோ கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவை பார்த்துக் கொள்ள வேண்டும்.

தாத்தாவைக் கேளுங்கள்

புதுவைக்குப் போகிறவர்கள் அந்த முற்றத்துக்குப் போகாமல் திரும்புவது இல்லை. சமாதி மேல் தினமும் புதுப் பூக்கள். சுற்றிலும் மக்கள் பேசாமல் உட்கார்ந்து இருக்கிறார்கள். அங்கே உறங்குகிற பெரியவருக்குக் கடைசி நாளில் டாக்டர்கள் இருந்தார்கள், அன்பர்கள் இருந்தார்கள். காலம்தான் அவருக்குத் துணை நிற்கவில்லை.

நமக்கு அந்தக் குறை இல்லை. மிஷின் வந்து விட்டது. மருந்து வந்து விட்டது. மாற்றுச் சிறுநீரகமும் வந்து விட்டது. கேட்பதற்கு ஒரு வாய் மட்டும் வேண்டும்.

இன்று இரவு உங்கள் வீட்டுத் தாத்தா எத்தனை தடவை எழுந்திருக்கிறார் என்று கவனியுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். நாளைக் காலையில் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக் கொண்டு போங்கள்.